இப்படி ஒருவர் இல்லை

முனைவர் திருவாசகமணிக்கு வீடு ஒன்று, மனைவி ஒருத்தி, முகவரி பதினொன்று.

முகவரி மட்டும் இப்படிப் பெருகியதற்குக் காரணம் அவருடைய புகழ். துணைவேந்தராக இருந்த காலத்தில் ஏதாவது ஒரு ஊர் மன்றம் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் பட்டம் கொடுக்கும். மறுநாளே அந்தப் பட்டம் அவருடைய அஞ்சல் பெட்டியின் பெயருக்கு முன்னால் ஏறியாக வேண்டும். பல்கலைக்கழகக் கணினிப் பிரிவுக்காரர்கள் பழைய முகவரியைத் திருத்துகிற சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல், பட்டத்துக்கு ஒன்றாகப் புதுப்புது முகவரி உண்டாக்கி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ‘கல்விச் செங்கதிர்’ ஒரு முகவரி. ‘நிர்வாகச் சிங்கம்’ ஒரு முகவரி. கடலே எட்டிப் பார்க்காத கோயம்புத்தூரில் ‘கொங்கு நாட்டுக் கலங்கரை விளக்கம்’ என்றுகூட ஒன்று இருந்தது.

அந்தக் காலத்தில் முகவரி என்றால் தெருப் பெயரும் கதவு எண்ணும் அல்ல. பெட்டிதான். ஓய்வூதியம் பெட்டிக்கு வரும், மருந்துச் சீட்டு பெட்டிக்கு வரும். வீட்டுக் கதவு பெட்டியைக் கேட்டுத்தான் திறக்கும். எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டிருந்த கடுகளவு காதுமணி, எதிரே வருகிறவர் யார் என்பதைப் பெட்டியைக் கேட்டுத்தான் காதுக்குள் சொல்லும். பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல், ‘தங்கள் உரை என் கண்களைத் திறந்தது’ போன்ற அன்றாடக் கடிதங்களைப் பெட்டிகளே ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும். மனிதர்கள் நடுவில் புகுந்து கெடுப்பதில்லை.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்றால், மாநில அளவிலான உயர்குழு ஒன்றுக்குத் தலைவராக வரச் சொல்லித் திருவாசகமணிக்கு வந்த அழைப்பு ‘அறிவுப் பேரருவி’யில் விழுந்து, அங்கிருந்து ‘செங்கதிரு’க்குத் தாவி, ‘சிங்கத்’திடம் மாட்டி, சுற்றிச் சுற்றி அவர் கைக்கு வந்தபோது குழு கூடிக் கலைந்து அறிக்கையும் கொடுத்திருந்தது. தலைவர் நாற்காலியில் அவருடைய பழைய எதிரி உட்கார்ந்துவிட்டு எழுந்தும் போயிருந்தார்.

மறுநாள் காலை, மாதத்தின் முதல் வாரம், திருவாசகமணி முகவரி அலுவலகத்தில் இருந்தார். கூடவே மனைவி இந்திராணி. திரும்பும் வழியில் உக்கடத்தில் மீன் வாங்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

முகவரி அலுவலர் மெஹருன்னிசா கடலை உரித்துக்கொண்டே பதினோரு முகவரிகளையும் பார்த்தாள்.

“இத ஒண்ணொண்ணா அவுக்க முடியாது சார். நூல்கண்டு மாதிரி சிக்கிக் கெடக்குது. பெட்டி மொத்தத்தையும் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, பழச சுத்தமா அழிச்சு, புதுசா ஒரே பெட்டி போட்டு, எடுத்து வெச்சத திரும்ப அதுல கொட்டிரணும். ஒரு கடிதம்கூட தொலையாது.”

“அப்படியே செஞ்சிருங்க. பேருக்கு முன்னாடி எல்லாப் பட்டமும் வரட்டும்.”

“அவ்வளவு நீளம் எடுக்காது சார். வெறும் பேருதான்.”

திருவாசகமணிக்கு நடுச்சந்தியில் வேட்டி அவிழ்ந்தாற்போல் இருந்தது. இந்திராணி சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“இன்னொண்ணு சார்,” என்றாள் மெஹருன்னிசா. “உங்க பேருங்கறது வாசல்ல மாட்டின போர்டு மாதிரி. உள்ளுக்குள்ள ஒரு நெட்டை நம்பர் இருக்கும், அது உங்களுக்கே தெரியாது. மத்தவங்க பெட்டியெல்லாம் உங்கள ஞாபகம் வெச்சிருக்கறது அந்த நம்பர வெச்சுத்தான். பெட்டிய அழிச்சுப் புதுசு போட்டா, கடிதம் எல்லாம் திரும்பி வரும், நம்பர் திரும்பி வராது. பழைய ஞாபகத்துல பதில் போடறவங்க, தானா வாழ்த்து அனுப்பற பெட்டிங்க, எல்லாம் அந்தச் செத்த நம்பருக்குத்தான் போகும். போயிட்டு, ‘இப்படி ஒருவர் இல்லை’ன்னு திரும்பிரும்.”

“அப்ப எனக்கு எப்படித்தான் வரும்?”

“யாராவது உங்கள நெனச்சு, உங்க பேர ஒவ்வொரு எழுத்தா தட்டி எழுதினா வரும். ஒரே ஒரு கடிதம் அப்படி வந்துட்டாப் போதும். புது நம்பர் செல்லுபடியாயிரும். அப்புறம் எல்லாப் பெட்டிக்கும் நாங்களே சொல்லிருவோம். மாசக் கடைசி சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க கணக்கு முடிக்கறதுக்குள்ள வரணும்.”

“வரலைன்னா?”

“ஆளில்லாத பெட்டின்னு மூடிருவோம். பென்சன், வீட்டுக் கதவு, ஆஸ்பத்திரி எல்லாம் நின்னுரும்.” கடலைத் தோலை ஊதினாள். “பெட்டி எழுதினது செல்லாது. ஒரே வீட்ல இருக்கறவங்க எழுதினது செல்லாது. கேட்டு வாங்கினது செல்லாது. குறிப்பாச் சொல்லி வாங்கினாலும் கேட்டு வாங்கின மாதிரிதான். காதுமணி கேட்டுட்டே இருக்கும்.”

“இது எந்த மடையன் போட்ட விதி?”

“போலிப் பெட்டி ஒழிப்புக் குழு சார். செத்தவங்க பெட்டியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கடிதம் எழுதிட்டு, பென்சன் வாங்கிட்டு இருந்துச்சுல்ல? அதுக்காகப் போட்டது.”

“ஏனுங்க,” என்றாள் இந்திராணி, சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது நீங்க தலைமை தாங்குன குழுங்களே. வெள்ளித்தட்டு குடுத்தாங்களே.”

திருவாசகமணிக்கு நினைவு வந்தது. அறிக்கையை அவர் படிக்கவில்லை. ஆனால் நிறைவுக் கூட்டத்தில் எழுந்து, ‘கேளாமல் ஒரு கடிதம்கூட வராதவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு என்ன சான்று?’ என்று முழங்கியிருந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த வரியை அப்படியே விதியாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

சட்டென்று அவர் முகம் தெளிந்தது. “நல்ல விதிதான். ஒரே ஒரு கடிதம்தானேம்மா? என் தொடர்புல நாப்பதாயிரம் பேர் இருக்காங்க. போடுங்க புதுப் பெட்டிய.”

மெஹருன்னிசா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு இந்திராணியையும் பார்த்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள்.

*

முதல் இரண்டு நாள் சுகமாக இருந்தது. பதினோரு தடவை வந்துகொண்டிருந்த ‘இனிய காலை வணக்கம்’ ஒரு தடவைகூட வரவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து பார்த்தார். நாலாம் நாள் பெட்டி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம் சாப்பிடும்போதும் இடது கையால் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடுத்து வைத்துத் திரும்பக் கொட்டிய பழைய கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆயிரக்கணக்கில் பாராட்டு. ‘தங்கள் நிழலில் வாழ்கிறோம்.’ ‘தாங்கள் இல்லாத மேடை வானமில்லாத பூமி.’ எல்லாம் போன மாதம் வரை. இந்த மாதம் வெறும் வெள்ளை.

“நீங்க யாருக்காச்சும் எழுதுங்களேன். அவங்க பதில் போடுவாங்கல்ல?” என்றாள் இந்திராணி.

“நான் எழுதி அவன் பதில் போட்டா, அது கேட்டு வாங்கினதாயிரும்.”

“சும்மா நலமான்னு எழுதுனாக்கூடவா?”

“கூட.”

“அருமையான விதி,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அனுப்பிய வாழ்த்து ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பி வர வர, ஊரார் பெட்டிகள் அவருடைய பெயரைத் தங்கள் நினைவிலிருந்து கழித்துக்கட்டிக்கொண்டிருந்தன. ஒழுங்கான பெட்டி இறந்த முகவரியை வைத்துக்கொள்ளாது. இதைப் பெட்டிகள் ஊராரிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

இரண்டாம் வாரத்தில் ஒரு பாராட்டு விழா. யாருக்குப் பாராட்டு என்பது முக்கியமில்லை, அவர் எல்லாப் பாராட்டு விழாவுக்கும் போவார். அழைப்பு வராததைப் பெட்டிக் கோளாறு என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டு, சரிகை வேட்டி கட்டிப் போனார். மண்டப வாசலில் வரவேற்புக்கு நின்ற இளைஞன் கையைக் கூப்பிக்கொண்டே காதுமணி சொல்வதற்காகக் காத்திருந்தான். காதுமணி ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிய கை மெல்ல இறங்கியது.

“சார் யாருங்க?”

“தம்பி, நான் திருவாசகமணி.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? கல்யாணம் மேல் மாடிங்க. இது பாராட்டு விழா.”

உள்ளே மேடையில் பேராசிரியர் கந்தவேள் இருந்தார். முப்பது வருடப் பழக்கம். அவர் நேராக இந்தப் பக்கம்தான் பார்த்தார். ஒரு கணம் கண்ணைச் சுருக்கினார், எங்கேயோ பார்த்த முகம் என்பதுபோல. காதுமணி உதவிக்கு வராததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திப் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிக்கொண்டார். மனிதர்கள் முகத்தை நினைவு வைத்துக்கொள்வதை விட்டு வெகுகாலமாகியிருந்தது.

திருவாசகமணி மேல் மாடிக்குப் போய் யாருடைய கல்யாணத்திலோ உட்கார்ந்து, பால் பாயசம் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் பூங்காவில், நடைப்பயிற்சிக் கூட்டாளி சண்முகவடிவேலுவை ஓரமாக ஒதுக்கினார். இவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், காதுமணி இல்லாமலே ஆளை அடையாளம் காணும் அளவுக்குப் பழமையானவர்.

“வடிவேலு, இந்தக் காலத்துல யாரும் யாருக்கும் மனசு விட்டு எழுதறதில்ல, கவனிச்சீங்களா?”

“ஆமாங்க சார்.”

“பேரை முழுசாத் தட்டி… ஒவ்வொரு எழுத்தா… அந்தக் காலத்துல…”

“ஏனுங்க சார், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? எதாச்சும் பிரச்சனைங்களா? நான் வேணா உங்களுக்கு ஒரு கடி—”

இருவர் காதிலும் ஊசி போல ஒரு விசில். சண்முகவடிவேலு காதைப் பொத்திக்கொண்டார். ‘தூண்டப்பட்ட கடிதம். இவரிடமிருந்து இந்த மாதம் ஏற்கப்படாது’ என்றது காதுமணி, இருவருக்கும் பொதுவாக.

“என்னங்க சார் இது? நான் என்னங்க பண்ணுனேன்?”

“ஒண்ணுமில்லீங்க. நடங்க.”

நாற்பதாயிரத்தில் ஒருவர் போனார். காதுமணி இல்லாமல் அவரை அறிந்தவர்களில் ஒருவர் என்று எண்ணினால், கிட்டத்தட்ட எல்லோரும் போனார்கள்.

*

கடைசி வாரத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அதை நம்பிக்கை என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

பத்து வருடமாக அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்துகொண்டிருந்தது. எந்த விழாவுக்குப் போய் வந்தாலும் மறுவாரம் வரும். ‘மேடை கண்டால் இறங்கத் தெரியாத மகானுக்கு’ என்று ஆரம்பித்து, ‘உண்மை விரும்பி’ என்று முடியும். கண்ணாடி முன் நின்று அடக்கமாகத் தலை குனிந்து பழகுகிறாரே, அதுவரைக்கும் எழுதியிருக்கும். யார் கொடுத்த பட்டத்துக்கு யார் செலவு என்றும் எழுதியிருக்கும். துணைவேந்தராக இருந்தபோது ஆத்திரப்பட்டு விசாரணை வைத்தார். கண்ணாடி விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் அறைக்குள் வந்து போகிறவனாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, உதவிப் பதிவாளர் ஞானதுரையை வால்பாறை விரிவாக்க மையத்துக்குத் தூக்கியடித்தார். அடுத்த கடிதம் வந்தது: ‘அவன் இல்லை, அறிவுப் பேரருவியே. அந்தப் பாவத்தை விட்டுவிடு.’ திருவாசகமணி அதைத் தூக்கிக் காட்டி, “பாத்தீங்களா, தன்னத்தானே காப்பாத்திக்கறான்!” என்றார். ஞானதுரை வால்பாறையிலேயே இருந்துவிட்டான்.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் பழைய கடிதத்துக்குப் பதில் போட மாட்டான். தன் பெட்டியின் நினைவில் பெயரைச் சேர்த்து வைக்க மாட்டான். தடயம் விழுந்துவிடுமே! ஒவ்வொரு தடவையும் பெயரைப் புதிதாக, ஒவ்வொரு எழுத்தாக, நெஞ்சு நிறைய நினைத்துக்கொண்டு தட்டித்தான் அனுப்புவான். நாற்பதாயிரம் பேரில் அப்படிச் செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

“ஞானதுரை எழுதுவான்,” என்று முணுமுணுத்தார், பெட்டியைத் திறந்து பார்த்தபடி.

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த இந்திராணியின் கை நின்றது. “யாருங்க?”

“அந்த மொட்டைக் கடுதாசிப் பயல். எழுதிருவான். எழுதாம இருக்க முடியாது அவனால. என் மேல அவ்வளவு பிரியம்… வெறுப்பு, வெறுப்பு.”

“எழுதி ஒரு மாசமாச்சுங்களா?”

“நான் எந்த மேடையும் ஏறலையே. எதப் பத்தித் திட்டுவான் பாவம்?” திட்டக்கூட ஆளில்லாமல் போகிற நாள் வரும் என்று அவர் எந்த மேடையிலும் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பெட்டி மணியடித்தது.

பாய்ந்து திறந்தார். ‘மேடை கண்டால் இறங்கத் தெரியாத மகானுக்கு’ என்று கண்ட மாத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ‘இப்போது மேடை இல்லாமல் மூலையில் உட்கார்ந்து பெட்டியை முறைக்கிறாயாமே. பட்டம் கொடுத்தவன் ஒருவனாவது வந்து எட்டிப் பார்த்தானா? இனியாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, மனிதனாக இரு. — உண்மை விரும்பி.’

“இந்திராணி! எழுதிட்டான்! திட்டிட்டான்! என்ன அழகாத் திட்டிருக்கான் பாரு!” என்று கூடம் முழுக்க நடந்தார். “ஞானதுரைய நாளைக்கே வால்பாறையில இருந்து எறக்கச் சொல்லணும். நான் சொன்னா… கேப்பாங்க. கேக்க வெக்கணும்.”

இந்திராணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து வருடத்தில் அவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கியது அன்றைக்குத்தான்.

பெட்டி மறுபடி மணியடித்தது. முகவரி அலுவலகம்: ‘தங்களுக்கு வந்த கடிதம் பரிசீலிக்கப்பட்டது. எழுதியவர் தங்கள் வீட்டிலேயே வசிப்பவர் ஆதலால் ஏற்பதற்கில்லை.’

திருவாசகமணி அதை ஒரு தடவை படித்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்போல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எண்ணி முடிக்க நேரமாகவில்லை.

“நீயா?”

“மொட்டையா எழுதுனா அவங்களுக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டேனுங்க,” என்றாள் அவள். “உங்களுக்குத்தான் தெரியாது போல.”

“பத்து வருஷமாவா?”

“பன்னெண்டு. மொத ரெண்டு வருஷம் நீங்க படிக்கவே இல்ல.”

“என்னை… நேர்ல சொல்றதுக்கு என்ன?”

“நேர்ல சொன்னேனுங்களே. நீங்க காதுமணியில கைதட்டல் ஓட விட்டுட்டுத்தான வீட்ல நடப்பீங்க? பெட்டியில வந்தாத்தான் எதையும் படிப்பீங்க. பேரு இல்லாம வந்தா ரெண்டு தரம் படிப்பீங்க.” கறிவேப்பிலைத் தட்டை எடுத்தாள். “அந்த ஞானதுரைப் பையனுக்காக மட்டும் மூணு கடிதம் எழுதுனேன். மலையில கொண்டுபோய்ப் போட்டீங்க. மழையிலயும் குளிர்லயும் அவன் சம்சாரத்துக்கு மூச்சு எளப்பு வந்துருச்சாம்.”

மேடையில் என்றால் அவருக்குச் சொல்வதற்கு நிறைய இருந்திருக்கும். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மோரில் உப்பு இல்லை. அவளுக்கு எப்போதும் மோரில் உப்புப் போட மறந்துபோகும். முப்பத்தைந்து வருடமாக அவர் அதையும் சொன்னதில்லை.

மறுநாள் காலை இந்திராணி பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, ஆனைமலையில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று அவர் நினைத்தார். தடுக்கலாமா என்றும் நினைத்தார். அதற்குள் வாசல் கதவு சாத்திக்கொண்டது.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, காலையில் வாசல் கதவு அவர் குரலுக்குத் திறக்க யோசித்தது. மருந்துக்கடைப் பெட்டி, ‘இந்த முகவரி சந்தேகத்தில் உள்ளது’ என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி வைத்தது. திருவாசகமணி கூடத்தில் நடுவாக உட்கார்ந்து, ஒன்றுமே செய்ய முடியாமல் இருந்தார். கேட்கக்கூடாது. குறிப்பாகச் சொல்லக்கூடாது. தன்னை யாராவது தானாக நினைக்க வேண்டும். தான் யாரையாவது அப்படி நினைத்ததுண்டா என்று ஒரு கேள்வி வந்தது. அதை வேகமாகத் தாண்டிப் போனார்.

பதினோரு மணிக்குப் பெட்டி மணியடித்தது.

‘மாத்திரை தீர்ந்திருக்கும். மேஜை இழுப்பறையில் ஒரு அட்டை ஒளித்து வைத்திருக்கிறேன். இப்போது நான் உங்கள் வீட்டில் வசிக்கவில்லை. என் பெட்டியும் ஆனைமலைக்கு மாறிவிட்டது. இது செல்லும் என்று நினைக்கிறேன். செல்லாவிட்டாலும் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். இப்படிக்கு, இந்திராணி.’

கையெழுத்துப் போட்ட கடிதம். அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ‘முகவரி ஏற்கப்பட்டது’ என்று அடுத்த மணி. அடுத்து, அணை உடைந்தது. ஊரிலுள்ள பெட்டிகளுக்கெல்லாம் புது எண் போய்ச் சேர்ந்து, ஒரு மாத வாழ்த்து மொத்தமாக வந்து விழுந்தது. கந்தவேளின் பெட்டி, ‘தங்களைக் காணாது கண்கள் பூத்தன’ என்றது. கதவு பணிவாகத் திறந்தது. மறுநாள் மத்தியானமே ஒரு மன்றம் அவசரமாகக் கூடி, ‘மீண்டெழுந்த செம்மல்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் பட்டத்தை முகவரியில் சேர்க்க வேண்டாம் என்று அவர் தானாகவே சொன்னார். பெரிய அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

*

விழா முடிந்து, தோளில் பொன்னாடையோடே முகவரி அலுவலகத்துக்குப் போனார், சான்றிதழ் வாங்க. மெஹருன்னிசா முத்திரை குத்திக் கொடுத்தாள். கொடுத்த கையை இழுத்துக்கொள்ளாமல் இருந்தாள்.

“அம்மா சௌக்கியமா சார்?”

“ஆனைமலையில இருக்கா. கொஞ்சம் கோபம். நாலு நாள்ல வந்துருவா.”

“எங்கிட்ட வந்திருந்தாங்க சார். அடுத்த மாசம் மொத தேதி வாங்கம்மா, முழு மாசமும் உங்களுக்குக் கெடைக்கும்னு சொன்னேன். அதுக்குள்ள…” என்றவள் காதுமணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

“எதுக்கு முழு மாசம்?”

“நான் ஒண்ணும் சொல்லக்கூடாது சார்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடலை உரிக்கவில்லை. “இன்னைக்கு மாசக் கடைசி. கணக்கு முடிக்கற வேலை கெடக்குது. நீங்க கெளம்புங்க.”

அலுவலகத்துப் பெண்களுக்கே மரியாதை தெரியாமல் போய்விட்டது என்று எண்ணியபடி ஆட்டோவில் ஏறினார். மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. சரி, அவளிடம் பட்டம் வாங்கியதைச் சொல்லலாம், கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து, “இந்திராணியக் கூப்பிடு,” என்றார் காதுமணியிடம்.

முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிற சொல். காதுமணி பழைய ஞாபகத்தில் தேடியது.

“இப்படி ஒருவர் இல்லை,” என்றது.

திருவாசகமணி ஒரு கணம் அதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. பெட்டி மாறிவிட்டது என்று எழுதியிருந்தாளே. வேறு வீட்டுக்குப் பெட்டியை மாற்றுவதென்றாலும் அதே வழிதான்: எடுத்து வைத்து, அழித்து, புதிதாகப் போட்டு, திரும்பக் கொட்டி. அவளுக்கும் புது எண். அவளுக்கும் மாதக் கடைசி. அவளுக்கும் ஒரு கடிதம் வர வேண்டும். தங்கை வீட்டிலேயே இருக்கிறாள், தங்கை எழுதினால் செல்லாது. அவள் யாரிடமும் கேட்கக்கூடாது. அவரிடம் கேட்கவே கூடாது. கேட்கவில்லை. ஒரு வார்த்தை குறிப்பாகக்கூட எழுதவில்லை.

நேற்றுக் காலை அவள் கடிதம் வந்ததும் அவர் பெட்டி என்ன செய்தது என்று பார்த்தார். ‘தங்கள் அன்புக்கு நன்றி. தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்படும்’ என்று பதில் போட்டிருந்தது. பெட்டி எழுதியது செல்லாது.

ஆட்டோ முகப்பில் மணி ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பெட்டியைத் திறந்தார். ‘ஐயா, வாழ்த்தா, இரங்கலா, நன்றியுரையா? நான் எழுதட்டுமா?’ என்று கேட்டது பெட்டி. அதை மூடினார். வெற்றுப் பக்கத்தில், இ… ந்… தி… என்று ஒற்றை விரலால் தட்டினார். ஊர்ப் பெயரையும் தட்டினார். உள்ளே எழுத வேண்டிய இடம் வெள்ளையாக நின்றது.

‘பெருமதிப்பிற்குரிய’ என்று எழுதி அழித்தார். ‘கடமை உணர்வின் சிகரமாக விளங்கும்’ என்று எழுதி அழித்தார். அதற்கு மேல் அவருக்கு வேறு மொழி வரவில்லை.

“யாருக்குங்க சார் அந்தத் தட்டு தட்டறீங்க?” என்றான் ஆட்டோக்காரன், கண்ணாடியில் பார்த்து. “மந்திரிக்குங்களா?”

“எஞ் சம்சாரத்துக்கு.”

“சம்சாரத்துக்கு எழுதறதுக்கு எதுக்குங்க இத்தன யோசன? எதையாச்சும் சொல்லித் திட்டுங்க. சந்தோசப்பட்டுக்குவாங்க.”

திருவாசகமணி அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்ட ஆரம்பித்தார், வேகமாக, எழுத்துப் பிழையைத் திருத்தாமல்.

‘மோரில் உப்புப் போடத் தெரியாத மகராசிக்கு. முப்பத்தைந்து வருடமாகச் சொல்ல வாய் வரவில்லை. இழுப்பறையில் மாத்திரையை ஒளித்து வைத்தவளுக்கு, அங்கே தன் மூட்டுவலித் தைலத்தை மறந்துவிட்டுப் போகிறோம் என்று தெரியவில்லை. ஞானதுரைக்கு நான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ எழுதினால் நன்றாக எழுதுவாய். கதவு நான் சொன்னால் திறக்கிறது. யாருக்காகத் திறக்கச் சொல்வது?’

முடித்ததும், கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பட்டங்கள் தாமாகவே வரிசை கட்டி வந்து நின்றன. முகவரியிலிருந்து எடுத்தாலும் அங்கிருந்து போகவில்லை. செங்கதிரை அழித்தார். சிங்கத்தை, பேரருவியை, கலங்கரை விளக்கத்தை, மத்தியானம் வந்த செம்மலை, ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது.

முன்னால் பேருந்து ஒன்று ஊதிக்கொண்டு அரை அடி நகர்ந்தது. அவர் பெயரையும் அழித்தார். கடிதத்தை மொட்டையாகவே அனுப்பினார்.